பச்சையம்மா முதுகில் இருந்த வெல்லம்

அன்றைக்கு மேல்மலையனூர்க் கோயில் வாசலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. பச்சையம்மா. எங்கள் தெரு வள்ளி. செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வீட்டுக் கஸ்தூரி. கோயில் எதிரே குங்குமக்கடை போட்டிருந்த ஒருத்தர். அவர் பேரைக் கேட்டுக்கொள்ளவில்லை, அது என் தப்பு. வேடிக்கை பார்த்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அப்புறம் இதை எழுதுகிற அஞ்சலை.

இதில் பச்சையம்மா இப்போது இல்லை. மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் நான் ஏரிக்கரையில் நூறுநாள் வேலையில் மண் வாரிக்கொண்டிருந்தேன். அவள் மகள் தனம் போன் பண்ணினாள். "அத்த" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது. மண்கூடையை இறக்கிவைக்கத் தோன்றாமல் தலையில் வைத்தபடியே நின்றிருந்தேனாம். பக்கத்தில் இருந்தவர்கள் இறக்கினார்களாம்.

பதினாறாம் நாள் படத்திறப்பில் படிக்க நாலு நல்ல வார்த்தை எழுதிக்கொடு என்று தனம்தான் கேட்டாள். நான் நாலாவது வரைக்கும் படித்தவள். நல்ல வார்த்தை மட்டும் பொறுக்கி எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

பச்சையம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் சீத்தாப்பழமும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றவள். கோட்டை பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பார்கள். ஒருநாள் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர், ஆணும் பெண்ணுமாக, ஆள் உயர மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். பச்சையம்மா ஒரு பெண்ணிடம் கேட்டாள்.

"இன்னாம்மா, எந்த ஊருக்குக் குடி போறீங்க?"

"இல்ல பாட்டி. பிரண்ட்ஸ் சேர்ந்து ஊர் ஊரா சுத்துறோம். அடுத்து திருவண்ணாமலை."

"இன்னா வேண்டுதல்?"

"வேண்டுதல்லாம் இல்ல பாட்டி. சும்மா."

அந்தப் பெண் போன பிறகும் பச்சையம்மா அந்த ஒரு வார்த்தையையே மென்றுகொண்டிருந்தாள். "ஏண்டி, நாம என்னிக்காவது சும்மா ஒரு ஊருக்குப் போயிருக்கோமா? ஒண்ணு சாவுக்குப் போறோம், இல்ல கல்யாணத்துக்குப் போறோம். சாமிகிட்ட போனாலும் எதனா கேக்கத்தான் போறோம். கேக்காம போயி நின்னா சாமிக்கே ஆச்சரியமா இருக்கும்."

அப்படித்தான் எங்கள் நடை ஆரம்பித்தது. வள்ளியும் கஸ்தூரியும் சேர்ந்துகொண்டார்கள். பேத்திகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய பையில் ஆளுக்கொரு மாற்றுப்புடவை, ஒரு சொம்பு, கட்டுச்சோறு. பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் ரோட்டில் இறங்கினால் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். "கெய்விங்க எந்த ஸ்கூலு?" என்று ஒரு கண்டக்டர் கத்தினான். "உங்க ஆயா படிக்கிற ஸ்கூலுதாண்டா" என்று பச்சையம்மா திருப்பிக் கத்தினாள். அந்தக் கண்டக்டர் மூஞ்சி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு நடை. முதல் நடை திருவண்ணாமலை. அடுத்தது பனமலை, ஏரிக்கரையில் ஒரு பகல் முழுக்கப் படுத்துக்கிடந்தோம். தொண்டூரில் பாறையில் வெட்டின படுக்கை இருக்கிறதே, பழைய காலத்துச் சமண முனிவர்கள் படுத்ததாம், அதில் பச்சையம்மா போய் நீட்டிப் படுத்துவிட்டாள். கஸ்தூரி பதறினாள். "எந்திரிங்கக்கா, சோறு தண்ணி இல்லாம சாகறதுக்காகப் படுத்த எடமாம் இது." பச்சையம்மா எழுந்திருக்கவில்லை. "சோறில்லாம நான் சாவ மாட்டேன் கஸ்தூரி. பசின்னா ஒரு மணி நேரம் தாங்க மாட்டேன், எதனா திருடியாவது தின்னுடுவேன்" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. ஊருக்குள் வந்து பார்க்கிற நர்ஸம்மா மாத்திரை கொடுத்த அன்றைக்கு நானும் அவள் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தெரியும். "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும் ஆயா. போட்டுட்டுப் பட்டினியா இருந்தா வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும். அந்த நேரம் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில போடணும்."

"சக்கர வியாதிக்குச் சக்கரையா? நல்லா இருக்குதே கத" என்று பச்சையம்மா சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ ஞாபகம் வெச்சிக்கடி குள்ளச்சி. உனக்குத்தான் எதுவும் மறக்காதே."

குள்ளச்சி என்று என்னைக் கூப்பிட்டது இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன். அன்றிலிருந்து அவள் பையின் முன்பக்க ஜிப்பில் ஒரு உருண்டை வெல்லம் காகிதத்தில் மடித்து எப்போதும் இருக்கும். அதை மடித்து வைத்தவளே நான்தான்.

இந்த வருஷம் மேல்மலையனூர். அமாவாசைக்கு அந்த ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் கூட்டம் இல்லாத ஒரு புதன்கிழமை போகலாம் என்றாள் பச்சையம்மா. அமாவாசை இல்லாத நாளில் அந்த ஊர் தூங்குகிற மாடு மாதிரி இருக்கும். வள்ளிதான் ஒரு சட்டம் போட்டாள். வள்ளியின் அம்மாவுக்கு அந்தக் காலத்தில் அருள் வரும். அதனால் சாமி விஷயத்தில் அவள் சொல்வதுதான் எங்களுக்கு முடிவு. "அங்காளம்மாகிட்ட சும்மால்லாம் போவக்கூடாது. அவளைப் பாக்கற வரைக்கும் பல்லுல சோறு படக்கூடாது."

"மாத்திரை?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"மாத்திரை மருந்துதான, சோறில்லையே. தண்ணி குடிச்சுப் போட்டுக்க, விரதம் கெடாது."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பச்சையம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். விடிந்ததும் கிளம்பினோம்.

வழியில் இருக்கிற வளத்தி வரைக்கும் நானும் அவளும் சேர்ந்துதான் நடந்தோம். அங்கே அவள் என் மகன் பேச்சை எடுத்தாள். என் மகன் அவன் நைனா செத்தபோது மூன்றாம் நாள் வந்தவன். அதிலிருந்து ஏழு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சு இல்லை; பேரைக் கூட வாயால் சொன்னதில்லை. "அவன் வேணும்னேவா லேட்டா வந்தான்? லீவு குடுக்கலடி. இந்தக் கோவத்தை எத்தினி வருஷம் முதுகுல தூக்கிக்கினு வருவ? உன் பையி எங்க மூணு பேரு பையவிடக் கனம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "உன் வேலைய பாரு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் போய்விட்டேன். மேல்மலையனூர் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் எங்கே உட்கார்ந்தாள், எப்போது அவளுக்கு வேர்த்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்கிற எனக்கு அந்தத் தூரம் மட்டும் இல்லை.

கோயில் வாசலில் செருப்பை விட்டுத் திரும்பினபோதுதான் பார்த்தேன். பச்சையம்மா ஆடிக்கொண்டிருந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி இருந்தது. கை நடுங்கியது. ஏதோ முனகினாள். கஸ்தூரி அவளைப் பிடிக்கப் போனாள்.

"தொடாத!" என்றாள் வள்ளி. "ஆத்தா வந்திருக்கா. விரதம் இருந்தா வராம இருப்பாளா? யாரும் கிட்ட போவாதீங்க."

கூட்டம் வட்டமாக நின்றது. யாரோ வேப்பிலை கொண்டுவந்தார்கள். வள்ளி கற்பூரம் கொளுத்தினாள். கஸ்தூரி கையைக் கூப்பி, "எம்பொண்ணுக்கு இந்த வருஷமாவது கல்யாணம் கூடுமா தாயே?" என்று கேட்டாள். பச்சையம்மா ஆடிக்கொண்டே இருந்தாள். முதல் கற்பூரம் எரிந்து தீர்ந்தது. வள்ளி இன்னொன்று வைத்தாள்.

வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொழறும். நர்ஸம்மா சொன்ன மூன்றும் வரிசையாக என் கண் எதிரில் இருந்தன. எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று இந்தப் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்ல மாட்டேன். வெல்லம் அவள் முதுகில் இருந்தது. நான் கிட்டே போனேன். ஜிப்பைத் திறக்கத்தான் போனேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"குள்ளச்சி" என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்ட குரல். "எதனா குடுடி."

அங்காளம்மாவுக்கு என்னைக் குள்ளச்சி என்று தெரியாது. பேசுவது பச்சையம்மா என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஆனால் சுற்றிலும் எல்லோரும் கை கூப்பி நிற்கிறார்கள், கற்பூரம் எரிகிறது. வளத்தியில் பச்சையம்மா சொன்னபோது கேட்காத எனக்கு, அதையே சாமி வாயால் கேட்டால் ஏழு வருஷத்துக் கோவத்தை மரியாதை குறையாமல் கீழே இறக்கிவைக்கலாம் என்று ஒரு ஆசை வந்தது. பையில் வைத்த கையை எடுத்தேன். கும்பிட்டேன்.

"தாயே, எம்மகன் வருவானா?" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வருவாண்டி" என்றாள். "நீ பேசு."

பெண்கள் குலவை போட்டார்கள். மூன்றாவது கற்பூரம் அணைவதற்குள் அவள் விழுந்துவிட்டாள். கை கால் வெட்டி இழுத்தது. குங்குமக்கடைக்காரர்தான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "அய்யோ, இது சாமி இல்லம்மா! சுகர் எறங்கிடுச்சு. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் வரும். வெல்லம் சக்கர எதனா இருக்குதா?" நான் ஜிப்பைத் திறந்து வெல்லத்தை எடுத்துக் கொடுத்தேன். பல் கிட்டித்துவிட்டது. வெல்லம் உதட்டில் இழுபட்டதோடு சரி. ஆட்டோ வந்தது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

சாவுக்கு என் மகன் வந்தான். இந்தத் தடவை முதல் ஆளாக வந்தான். சின்ன வயசில் அவனுக்குச் சோறூட்டினவள் பச்சையம்மா. பாடையில் ஒரு பக்கம் அவன்தான் தோள் கொடுத்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து என் எதிரில் தலை ஈரம் சொட்ட நின்றான். "சேகரு, தலையத் தொவட்டுடா" என்றேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவன் பேரைச் சொன்னேன். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன கொடுத்தேன் என்று எனக்குத்தானே தெரியும்.

நேற்று வள்ளி என் வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான தொடாதன்னு சொன்னேன், நான்தான கொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஊரிலும் அவளைத்தான் சொல்கிறார்கள். அவளைச் சொல்ல வேண்டாம். அவள் நிஜமாகவே சாமி என்று நம்பினாள். கஸ்தூரியும் நம்பினாள். நான் யாரையும் மன்னித்துப் பழக்கப்பட்டவள் இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டேன்.

பச்சையம்மாவிடமிருந்து எனக்கென்று நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தப் பை. முன் ஜிப்பில் வெல்லம் இன்னும் இருக்கிறது, ஒரு ஓரத்தில் அவள் உதட்டில் இழுபட்ட தடத்தோடு. எறும்பு வருகிறது. தட்டிவிட்டுத் திரும்ப மடித்து வைக்கிறேன்.

மன்னிக்காமல் வைத்திருப்பது ஒருத்தியைத்தான். கையை ஜிப்பு வரைக்கும் கொண்டுபோய், எடுத்துக் கும்பிட்டவள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட இனிமேல் ஆள் இல்லை. நானே எழுதிவிடுகிறேன்.

குள்ளச்சி.