சாக்குக் குவியலுக்கு அடியில் ஒரு ஜனாதிபதி

என் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றதற்கு நான்தான் காரணம். ஒரு புத்தகத்தை ஒளித்துவைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஊட்டி ஏரியில் படகு பார்க்க வேண்டும் என்று ஆசை. எழுபதை நெருங்கும் வயதில் இதை எழுதும்போது அந்தக் காரணம் எவ்வளவு சின்னது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அக்கா என்றால் பெரியம்மாவின் மகள். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த பெரியம்மாவும் அவளும், குன்னூருக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். பயணத்திலும் கரையிறங்கிய முகாமிலும் இரண்டு வருடப் படிப்பு போய்விட்டதால், என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்தாள். வந்த முதல் பரீட்சையிலேயே முதலாவதாக வந்தாள். அதுவரை அந்த இடம் என்னுடையது.

எஸ்டேட்டில் ஒரு வாசகசாலை இருந்தது. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர்தான் அதற்கும் பொறுப்பு. மாலையில் மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் புத்தக அலமாரியைத் திறப்பார். வீட்டுக்கு ஒரு சீட்டு, ஒரு தடவைக்கு ஒரு புத்தகம். இரண்டாவது கேட்டால், "ஏனுங்க தம்பி, மருந்தை ஒரே மடக்குல குடிச்சா சீக்கிரம் குணமாயிருமா?" என்பார்.

அந்த வருடம் ஊட்டியில் ஒரு பெண்கள் பள்ளி, சுற்றுவட்டாரப் பள்ளிகளின் பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துப் பேச்சுப் போட்டி வைத்தது. அடிமைகளை விடுவித்து, கடைசியில் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டுச் செத்த அந்தத் தாடிக்கார அமெரிக்க ஜனாதிபதியைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்து ஒருவர்தான் போகலாம்; வகுப்பில் பேசவைத்துப் பொறுக்குவதாகத் தலைமை ஆசிரியர் சொன்னார். பெரியம்மாவிடம் மட்டும் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அக்கா அங்கே போய் நன்றாகப் பேசிவிட்டால், அந்தப் பள்ளியின் விடுதியிலேயே அவளுக்கு இடம் கேட்டுப் பார்ப்பாராம். எங்கள் பள்ளி எட்டோடு முடிந்துவிடும். அதற்குமேல் பையன்கள் குன்னூருக்கு நடந்து போவார்கள். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவார்கள். பெரியம்மா இதை அம்மாவிடம் சொன்னபோது நானும் அங்கேதான் சோறு தின்றுகொண்டிருந்தேன். காதில் விழுந்தது. சோற்றைத் தின்று முடித்தேன்.

வாசகசாலையில் அந்த ஜனாதிபதிக்கு இரண்டு வாழ்க்கை வரலாறுகள் இருந்தன. ஒன்று மெல்லிசு, பக்கத்துக்குப் பக்கம் படம். அதை நான் முந்தின வருடமே படித்துவிட்டேன். இன்னொன்று செங்கல் மாதிரி. அக்கா இரண்டையும் எடுத்து, நின்றபடியே முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் நடுவில் இரண்டு பக்கங்களையும் வாசித்தாள்.

"சின்னதை எடுக்கா. சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன்.

"இதுல ஆளு பொறந்ததுல இருந்து ஜெயிச்சிக்கிட்டே இருக்கானே தம்பி. இவன் தோத்த கதை எங்க?"

"தோத்ததெல்லாம் பெருசுல இருக்குதுங்க. ஒரு முந்நூறு பக்கத்துக்குத் தோக்கறாரு" என்றார் கம்பவுண்டர். அவள் பெரியதை எடுத்துக்கொண்டாள்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழையில் செருப்பிலும் பூஞ்சை பூக்கும், புத்தகத்திலும் பூக்கும். அதற்கு எங்கள் எஸ்டேட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஃபேக்டரி மேல்மாடியில் கொழுந்தை வாடப்போடும் சாக்குத்துணித் தட்டுகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலியாக இருக்கும். கீழே அடுப்பின் சூடு மட்டும் மேலே வந்துகொண்டிருக்கும். வாசகசாலைப் புத்தகங்களையும், வீடுகளுக்குப் போன புத்தகங்களையும் கொண்டுபோய் அந்தத் தட்டுகளில் விரித்துவைப்பார்கள். அதனால் எங்கள் ஊர்ப் புத்தகங்கள் எல்லாம் தேயிலை மணக்கும்.

அப்பா ஃபேக்டரியில் வேலை பார்த்ததால் எங்கள் வீட்டுப் புத்தகத்தை எடுத்துப் போவது என் பொறுப்பு. அக்கா அப்போது நாற்பது பக்கம் தாண்டியிருந்தாள். "பத்திரம் தம்பி" என்று தன் முக்காட்டுத் துணியிலேயே சுற்றிக் கொடுத்தாள். நான் மாடிக்குப் போனேன். மூலையில் பழைய கொழுந்துச் சாக்குகள் குவிந்து கிடந்தன. புத்தகத்தை அதற்கு அடியில் தள்ளிவிட்டு, துணியை மட்டும் மடித்துக்கொண்டு வந்தேன்.

"தட்டுலதான்க்கா வெச்சேன். திரும்பிப் பார்த்தா காணோம்."

அக்கா என் கையிலிருந்து துணியை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு கம்பவுண்டரிடம் போய், தான்தான் தொலைத்துவிட்டதாகச் சொன்னாள். எங்கள் சீட்டு நின்றுபோனது.

வகுப்பில் நான் முதலில் பேசினேன். மெல்லிசுப் புத்தகத்தில் ஒரு கட்டம் உண்டு. சிறுவயதில் அவர் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்று மழையில் நனைந்து கெட்டுவிடும். அவர் அதை மறைக்காமல் உடையவரிடமே கொண்டுபோய்க் காட்டி, ஈடாக மூன்று நாள் வயலில் வேலை செய்து கொடுப்பார். அந்த இடத்தில் நான் குரலை உயர்த்தி, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். வாத்தியார் மேசையைத் தட்டிப் பாராட்டினார். எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அடுத்து அக்கா பேசினாள். நாற்பது பக்கத்தையும் கண்ணெதிரே நடப்பதுபோலச் சொன்னாள். சட்டென்று நின்று, "இதுக்கு மேல நான் படிக்கலைங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். பின்பெஞ்சு சிரித்தது.

ஊட்டிக்கு நான் போனேன். பாதிப் பேச்சு மறந்துபோய்ப் பரிசில்லாமல் மேடையை விட்டு இறங்கினேன். ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். ஏரி முழுக்க மூடுபனி. படகு ஒன்றும் தெரியவில்லை.

அக்கா வகுப்பில் என் பேச்சைக் கேட்ட அன்று மாலையே கம்பவுண்டரிடம் போயிருந்தாள். தொலைத்த புத்தகத்துக்கு ஈடாக, மழைக்காலம் முடியும்வரை வாசகசாலையைக் கூட்டி, புத்தகங்களின் பூஞ்சையைத் துடைத்து, ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்குத் தூக்கிப்போய் விரித்துவைப்பதாக ஏற்றுக்கொண்டாள். "தண்டனைன்னா போய்த்தானே ஆகணும்" என்று பெரியம்மா முனகிக்கொண்டே விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் செங்கல் புத்தகம் அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன். யாராவது கேட்பார்கள் என்று நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. புத்தகம் கிடைத்த பிறகும் அக்கா மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த ஜூனில் அவள் கூடை மாட்டினாள். பிற்பாடு, தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகி, அங்கேயே ஓய்வு பெற்றாள். நான் சரித்திரம் படித்து, சரித்திர வாத்தியாராகி, ஒவ்வொரு வருடமும் அந்த ஜனாதிபதியின் பாடம் வந்தால் அவசரமாக முடித்துவிடுவேன்.

போன மாதம் குன்னூரில் ஒரு புத்தகக் கடையில் அவரைப் பற்றி ஐந்து வரலாறுகள் வரிசையாக நின்றன. ஒரு மணி நேரம் நின்றேன். எல்லாவற்றிலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் இரண்டு. அதிகம் தோற்றவர் எதில் இருந்தாரோ அதை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். "தேயிலை வாசமே இல்லையே" என்றாள். பிறகு, "சாக்குக்கு அடியில புத்தகம் தானா நடந்து போவுமாடா? விரிச்சு வெக்கப்போன ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே எடுத்துட்டேன்."

"அப்புறம் ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"கம்பவுண்டர்கிட்ட சொன்னேன். ஊட்டுல சொல்லிராதீங்கன்னு கெஞ்சுனேன். தண்டனை முடிஞ்சுதுன்னா அம்மா வெறகுக்கு அனுப்பிரும். அலமாரிச் சாவி என் கையில இருந்துச்சு தம்பி, மழைக்காலம் பூரா. சீட்டும் இல்ல, கணக்கும் இல்ல." புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஊட்டி பஸ்ல ஏறுன அன்னிக்கு அழுதேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒன்ன அறையணும்னு கூட இருந்துச்சு" என்றாள்.

"இப்பவும் அறையலாம்க்கா."

"இப்ப கண்ணுதான் சரியில்ல. அறைஞ்சா எங்க விழுமோ. நீயே வாசி."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் வாசிக்கிறேன். போன வாரம் அவர் ஒரு தேர்தலில் தோற்றார். "அவசரப்படாத, மெதுவா" என்று அக்கா என் முழங்கையைத் தட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் நான் பலமுறை வாசகசாலை சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் ஈரத்துணியோடு, மடியில் ஒரு புத்தகத்தை விரித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அரை மணி கழித்து வந்து பார்த்தாலும் அதே புத்தகம்தான். இவளுக்குத் துடைக்கக்கூடத் தெரியவில்லையே என்று அப்போது நினைத்துக்கொண்டு விளையாடப் போவேன்.