கம்பியில் தொங்கும் சிவப்புப் பூட்டு

எங்கள் க்வார்ட்டர்ஸின் முன் ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்குகிறது. அது எதையும் பூட்டவில்லை. ஜன்னல் திறந்தேதான் இருக்கிறது. போன மாதம் பெயிண்ட் அடிக்க வந்தவர், "இத எடுத்துடுங்கம்மா, அடியில பெயிண்ட் ஏறாது" என்றார். எடுக்க முடியாது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதைச் சுற்றிப் பச்சை அடித்துவிட்டுப் போனார்.

பூட்டு என் அண்ணியுடையது. அண்ணிக்குப் பிறந்த ஊர் காடாம்புலியூர். இங்கே சுரங்கத்தில், நிலக்கரி போகும் பெல்ட்டைப் பழுது பார்க்கும் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தார். அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட் அருகே போகும் ஒவ்வொருவரும் முதலில் அதன் சுவிட்சில் தன் பூட்டை மாட்டி, பெயரும் இடமும் எழுதிய அட்டையைக் கட்டிவிட வேண்டும். பூட்டு தொங்கும்வரை பெல்ட் ஓடாது. மாட்டியவர்தான் வந்து எடுக்க வேண்டும்; எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் தொடக்கூடாது. ஷிப்ட் முடிந்தும் ஒரு பூட்டு மிஞ்சினால், ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். தேடிப் போக வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் நிறுவனம் என்னைக் குவாத்தமாலாவுக்கு அனுப்பியது. இயந்திரங்களில் அதிர்வை அளக்கும் கருவி பொருத்துவது என் வேலை. மலைப்பகுதி நீர்மின் நிலையம் ஒன்றில் மூன்று வாரம், தனியாக. "பொம்பளப் புள்ளைய அனுப்புற ஊரா அது?" என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். இருட்டிய பிறகு வெளியே போகக்கூடாது. விடுதியில் சொல்லும் டாக்சியில் மட்டும் ஏற வேண்டும். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும். கல்யாணமானவள் என்று தோன்ற ஒரு சாதா மோதிரம் போட வேண்டும். அறிமுகமில்லாதவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது. இப்படி முப்பத்தொரு வரி. அண்ணி நிதானமாகப் படித்தார்.

"இவ்ளோ எழுதிக்கினு இருக்கியே பாப்பா, நீ வரலன்னா யாரு தேடறது? அது எத்தனாவது?"

அது பட்டியலில் இல்லை. நான் கிளம்பிய காலையில் தன் உபரிப் பூட்டை இந்தக் கம்பியில் மாட்டினார். அட்டையில் என் பெயரும், இடம் என்பதற்கு எதிரே 'குவாத்தமாலா' என்றும் எழுதியிருந்தார். சாவியை என் கையில் வைத்தார். "நீயே வந்து எடு." தினமும் அங்கே மாலை ஆறு மணிக்கு நான் செய்தி அனுப்ப வேண்டும். இங்கே அப்போது விடியற்காலை ஐந்தரை. அண்ணி முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம்.

பதினோரு நாள் தவறாமல் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் மண் சரிந்து சாலை அடைபட்டது. போனில் சிக்னல் இல்லை. நான் வந்த வேன் நின்ற இடத்தில் சோள ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், மேகத்தைக் காட்டினார், வேனில் இருந்த ஆண்களைக் காட்டினார், பிறகு தன் வீட்டைக் காட்டினார். பட்டியல்படி அது கூடாது. போனேன். என்னைத் தன் மகள்களுக்கு நடுவில் படுக்கவைத்துவிட்டு, கதவை ஒட்டித் தான் படுத்துக்கொண்டார். அந்த நாட்டில் நான் பயமில்லாமல் தூங்கியது அன்று மட்டும்தான். இதைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

செய்தி வராததால் அண்ணி அன்று வேலைக்குப் போகவில்லை. என் அலுவலகம், விடுதி, மின் நிலையம் என்று எல்லா எண்ணுக்கும் அழைத்தார். அவருக்குத் தெரிந்தது சுரங்கத்து ஆங்கிலம். "மை பெர்சன் இன்சைட். நோ கிளியர். யூ கோ, சர்ச்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். மறுநாள் நான் விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள். இனிப் பெண்களைத் தனியாக அனுப்புவதில்லை என்று நிறுவனம் முடிவு செய்தது. எனக்கென்று இருந்த அடுத்த பயணம் வேறொருவருக்குப் போனது.

ஊர் திரும்பிப் பூட்டைத் திறந்து அண்ணி கையில் கொடுத்தபோதே சண்டை போட்டேன். "ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாங்க அண்ணி? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க."

"பூட்டு தொங்குனா தேடணும்," என்றார். "கோச்சிக்கினா கோச்சிக்க."

பல வாரம் சரியாகப் பேசவில்லை. அந்த வாரங்களில்தான் அவர் மணிக்கட்டில் நீலமாக ஒரு தடம் பார்த்தேன். கேட்டதற்கு, "பெல்ட்டு ரோலர்ல இடிச்சிக்கினேன்" என்றார். ரோலரில் இடித்தால் நான்கு விரல் அகலத்துக்கு அப்படித் தடம் விழாது. அளவெடுப்பதே என் தொழில். ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் குரல் ஏறும்போது நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

பலாப்பழக் காலத்தில், "அம்மா வூட்டுக்குப் போய் வரேன்" என்று அண்ணி கிளம்பினார். அன்று முதல் கம்பியில் பூட்டு தொங்கியது. ஏதோ பழக்கத்தில் மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். நான்காம் நாள் துணி காயப்போடும்போது அட்டையைத் திருப்பினேன். அண்ணியின் பெயர். இடம் என்பதற்கு எதிரே எங்கள் க்வார்ட்டர்ஸ் எண்.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இப்பதான் திருப்பிப் பாத்தியா, பாப்பா?"

அட்டையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தேன். அவரே சொன்னார்: "சாவி எங்கிட்ட இருக்குது. யாரையும் தொட வுடாத."

உலகத்தின் மறுபக்கத்தில் இருந்த என்னை ஒரு நாளில் தேடியவர் அவர். ஒரே வீட்டில் இருந்த நான் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். நான்கு நாள் என்பதுகூடச் சரியான கணக்கு இல்லை.

அட்டையில் எழுதியிருந்தது தெரிந்ததும் அண்ணன் ரம்பத்தோடு வந்தான். நான் ஜன்னலை மறைத்து நின்றேன். "மாட்டினவங்கதான் எடுக்கணும். நீ கைய வெச்சா, எனக்குத் தெரிஞ்சத நானே போய் போலீசுல எழுதிக் கொடுப்பேன்." அம்மா, "வீட்டு விஷயத்த வெளிய கொண்டுபோகாதடி" என்றார். அண்ணன் ரம்பத்தை வாசல் திண்டில் வீசிவிட்டுப் போனான். அன்று செய்தது சரிதானா, அதை முன்பே செய்திருக்க வேண்டாமா, என்னால் நேராக யோசிக்க முடியவில்லை. இப்போதும் அவனுக்கு நான்தான் சோறு போடுகிறேன்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு அண்ணி எனக்கு ஒரு செய்தி அனுப்புகிறார். வெறும் 'ம்'. போன வாரம் ஒரு நாள் அது வரவில்லை. இரண்டு முறை அழைத்தேன், போன் அணைந்திருந்தது. பட்டியல் எதுவும் போடாமல் பஸ் ஏறினேன். காடாம்புலியூரில் அண்ணி வாசலில் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார்.

"சார்ஜு இல்ல பாப்பா. போலீசுக்கெல்லாம் போன் போட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"பொழச்சேன்" என்று நகர்ந்து எனக்கு இடம்விட்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். வரவேண்டும் என்று நான் விரும்புகிறேனா என்பது தெரியாததால் கேட்காமல் திரும்பினேன்.

பச்சைக் கம்பியில் பூட்டு அப்படியே இருக்கிறது. அதன் அடியில் மட்டும் பழைய பெயிண்ட்.