இறங்கிப் படுக்கும் உரிமை

சுலோசனா வைக்கும் ரசத்தை நம்பியே இமயமலை ஏறுகிறவர்கள் மைசூரில் இருக்கிறார்கள். விஜயநகரில் நான்கு வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவளை ஒரு மலையேற்றக் கம்பெனி கண்டுபிடித்து வைத்துக்கொண்டது. ஆறு வருடமாக ஜூன் பிறந்தால் அவளுக்கு லடாக். குளிரில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, அக்கா இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்பார்கள். புகழ்ச்சிக்குக் குறைவே இல்லை.

மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். பழகிக்கொள்ள உடம்புக்கு நாள் கொடுக்க வேண்டும். குழுத் தலைவன் தருண்குமார் இதை ஒவ்வொரு முறையும் விருந்தினர்களை உட்கார வைத்துச் சொல்லுவான். முதல் இரண்டு நாள் லே நகரில் ஓய்வு. நிறையத் தண்ணீர். அப்புறம் முக்கியமான விதி: பகலில் உயரே ஏறு, இறங்கி வந்து தூங்கு. கேட்டுக் கேட்டு சுலோசனாவுக்கு மனப்பாடம். அந்த ஓய்வு நாட்களில் இருபது பேருக்கு மூன்று வேளை சமைத்து, அண்டா அண்டாவாக வெந்நீர் காய்ச்சுகிறவளுக்கு எது ஓய்வு நாள் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கித் தூங்குவதும் கிடையாது. மறுநாள் ஏறி வருகிறவர்களுக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டுமே, சமையல் ஆட்கள் ஏறிய இடத்திலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏதோ சமையல்காரிக்கு இன்னொரு நுரையீரல் இருப்பதுபோல.

எப்படியோ அவள் உடம்பு தாங்கிக்கொண்டது. இந்த வருடம் உதவியாள் நின்றுவிட, ஹனூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவன் பசவராஜைக் கூட்டிப்போனாள். பதினெட்டு வருடமாக மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலில் நடக்கிறவனுக்கு மலையைச் சொல்லித் தருகிறாயா என்று அவன் சிரித்தான். மாதேஸ்வரன் மலை மூவாயிரம் அடி. மைசூரே இரண்டாயிரத்து ஐந்நூறு. பக்தியை அடிக்கணக்கில் அளக்க முடியாதுதான், காற்றை அளக்கலாம்.

நான்காம் நாள் எல்லோரும் பதினைந்தாயிரம் அடியில் இருந்த மேல் முகாமுக்கு ஏறினார்கள். விருந்தினர்கள் டீ குடித்து, படம் எடுத்துக்கொண்டு, கீழ் முகாமுக்குத் தூங்கப் போய்விட்டார்கள். இவர்கள் இருவரும், சாமான் கொண்டுவந்த குதிரைக்காரரும் தங்கினார்கள். சாயங்காலமே பசவராஜுக்குத் தலை வலியில் பிளந்தது. விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு, மாதேஸ்வரன் சோதிக்கிறான் என்று சுருண்டு படுத்தான்.

காலையில் அடுப்பு மூட்ட எழுந்தவன் கூடாரக் கயிற்றில் தடுக்கி விழப்போனான். கிழித்த தீக்குச்சி விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். தருண்குமார் விருந்தினர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: கோடு போட்டு, அடிமேல் அடி ஒட்டி நடக்கச் சொல், கால் பின்னினால் மூளை வீங்குகிறது என்று அர்த்தம், உடனே கீழே இறக்கு. சுலோசனா அரிசி மாவை எடுத்துத் தரையில் நீளமாக இழுத்தாள்.

"ஏனுங்க, இதும்மேல நடங்க பார்க்கலாம்."

"இங்க வந்தும் கோலமா?" நாக்கு குழறியது. மூன்றாவது அடியில் சரிந்தான்.

வாக்கிடாக்கியில் தருண்குமாரைக் கூப்பிட்டாள். கிளம்பிவிட்டோம், நான்கு மணி நேரத்தில் ஆக்சிஜனோடு வந்துவிடுவேன், அதுவரை படுக்க வையுங்கள், மதியச் சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

"ஆக்சிஜன் ஏன் தம்பி கீழ இருக்குது? ஆளுங்க நாங்க மேலதானே இருக்குறோம்."

"அது கெஸ்ட்டுக்கு அக்கா. ரூல்ஸ்."

"நீ சொன்ன ரூல்ஸ்தான். உடனே எறக்குன்னியே, எறக்குறேன்."

பாதி வெந்த பருப்போடு அடுப்பை அணைத்தாள். குதிரைக்காரர் சேணம் பூட்டினார். நடுவழியில் விருந்தினர்கள் எதிரே வந்தார்கள். குதிரைமேல் துவண்டு கிடந்தவனைப் பார்த்ததும் தருண்குமார் ஆக்சிஜனை மாட்டிவிட்டு உடன் இறங்கினான். பின்னால் ஒருவர், மெதுவாகத்தான், சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டது சுலோசனா காதில் விழுந்தது.

லே ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். கால் தடுமாற்றம் எப்போது சரியாகும் என்று சொல்லவில்லை. அன்று மதியம் தருண்குமார் ஒரு தாளோடு வந்தான். மைசூர் ஆபீஸ் அனுப்பியது, கன்னடத்தில். தனக்கிருந்த ரத்தக்கொதிப்பை மறைத்துவிட்டு பசவராஜ் வேலைக்கு வந்ததாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் சமையல் உங்களுக்குத்தான் என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான்.

"அவருக்கு அப்படி ஒண்ணுமே இல்லையே."

"தெரியும் அக்கா. நானா எழுதினேன்?"

மகள் ரூபா பி.காம் இரண்டாம் வருடம். இந்த வேலைச் சம்பளத்தில்தான் படிக்கிறாள். சுலோசனா தாளை இன்னொரு முறை படித்தாள். பிறகு பேனாவை வாங்கி எல்லா வரிகளையும் அடித்துவிட்டு, கீழே எழுதினாள்: விருந்தினர்களைக் கீழே படுக்க வைத்தார்கள். எங்களைப் பதினைந்தாயிரம் அடியில் படுக்க வைத்தார்கள். ஆக்சிஜன் அவர்களோடு இருந்தது. அதன்கீழ் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டு அவனிடம் நீட்டினாள்.

"இதை எப்படி அக்கா நான் அனுப்புறது? என் வேலையும் போயிடும்."

பசவராஜ் கழிப்பறைக்குப் போக எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் பிடி தம்பி" என்றாள்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவன் வந்து பிடித்தான்.