திருப்பி வாங்கிய குல்லாக்கள்

முதலில் தளர்ந்தது நான் அல்ல, ஸ்வெட்டர்.

என் மச்சானுக்காகப் பின்னிக்கொண்டிருந்த பச்சை ஸ்வெட்டர் அது. இடுப்பிலிருந்து வயிறு வரை கண்ணிகள் இறுக்கமாக, ஒரே அளவாக இருந்தன. அதற்கு மேல் போகப் போக மீன்வலை ஆகிவிட்டது. நெஞ்சுப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கும் ஆள் தெரிவார்.

"எங்கண்ணனுக்கு வயித்துல மட்டுந்தான் குளிரடிக்குமா?" என்று என் மனைவி மருதாயி கேட்டாள்.

கம்பளி பின்னுகிறவர்களுக்குத் தெரியும். நூலை வலதுகைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால்தான் கண்ணி ஒரே மாதிரி விழும். நூல் ஓடும் வேகம் அந்த விரலுக்குத்தான் தெரியும். எனக்கு இது நினைவுக்கு வரவில்லை. நூல்தான் மட்டம் என்று முடிவு கட்டி, ஸ்வெட்டரைச் சுருட்டிக்கொண்டு ரத்தோட்டையில் பஸ் ஏறி, மாத்தளைக்கே போய், நூல் விற்ற கடை முதலாளியோடு சண்டை பிடித்தேன். அவர் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே நூல்தானே. கீழ நல்லா இரிக்கி, மேல ஏன் இப்பிடி இரிக்கி? நூலுக்கு ஒண்டுமில்ல. ஒங்கட கையத்தான் யாரோ மாத்திட்டாங்க போல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று தெரிய மூன்று மாதம் ஆனது.

பள்ளிக்கூடத்துக்குள் நான் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். என் கெட்ட வார்த்தைகளை அவள் விட்டுவிடுவாள், அதனால் கட்டுரை பாதியாகக் குறையும். எனக்குத் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் குசினி வேலை (சமையல்). பழைய துரைசானி பின்னும்போது நூல் பிடித்து நின்று நின்று நானும் பின்னக் கற்றுக்கொண்டேன். அவர் சீமைக்குத் திரும்பும்போது இரண்டு ஜோடி ஊசியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆம்பளை ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் வீட்டில் பிள்ளை பிறந்தால், சிரித்துக்கொண்டே என்னிடம்தான் வருவார்கள். காலைப் பனியில் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவுக்கு (கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம்) தூக்கிப் போக வேண்டும். காதை மூட ஒரு கம்பளிக் குல்லா வேண்டும். குல்லா சின்னது என்பதால் அதை மட்டும் நான் ஒழுங்காக முடிப்பேன். மற்றபடி என் ஊசிகளில் எப்போதும் நாலு வேலை தொங்கும்: கழுத்தில்லாத ஸ்வெட்டர், ஒரு காலுக்கு மட்டும் முடிந்த காலுறை, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நீண்டுகொண்டே போகும் மப்ளர் என்று ஏதாவது.

எங்கள் பூனைக்குப் பெயர் கங்காணி. ஒரு வேலையும் செய்யாமல், வாலைத் தூக்கிக்கொண்டு லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லோரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடப்பதால் நான் வைத்த பெயர். நிஜக் கங்காணிக்கும் இது தெரியும். தெரியாததுபோல் இருப்பது அவருடைய பெருந்தன்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து வெள்ளைக் குல்லா ஒன்று பின்னிக்கொண்டிருந்தேன். பூனை மடியில் படுத்துக்கொண்டு முன்னங்கால்களால் என் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. தண்ணீர்க் குடத்தோடு வந்த மருதாயி நின்றுவிட்டாள்.

"என்னாங்க, கையில ரத்தம் வழியுது."

பார்த்தேன். சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்த விரலிலும் நகம் ஆழமாக இறங்கியிருந்தது. குல்லாவிலும் ரத்தம்.

"வலிக்கலையா?"

"கங்காணி கிள்ளினா யாராச்சும் வாயத் தொறக்க முடியுமா?"

அவள் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"கிள்ளப் போறியா? சொல்லிட்டுக் கிள்ளு புள்ள."

"கிள்ளிட்டேன்" என்றாள்.

முழங்கைக்குக் கீழே ஒரு காசளவு தோல் வெளுத்திருந்தது. தேமல் என்று நினைத்து ஒரு வருடமாக எலுமிச்சங்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலும் அவள் கிள்ளியது தெரியவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா அதைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டு, மாத்தளை ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே தோலுக்குப் பார்க்கும் டொக்டர் ஒரு சிங்களவர். தமிழும் நன்றாகப் பேசினார். என் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொடும் இடத்தையெல்லாம் விரலால் காட்டச் சொன்னார். என் வாழ்க்கையில் இதுதான் முதல் பரீட்சை. பெயிலாகிவிடக் கூடாதே என்று கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்துக் காட்டினேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் பஸ்ஸில் பின்னுவதற்காகக் கொண்டு போயிருந்த மப்ளரை எடுத்து என் கண்ணைக் கட்டினார்.

கொஞ்ச நேரம் போனது.

"தொடுங்க ஐயா. நான் ரெடி" என்றேன்.

"நான் அப்பவே இருந்து தொட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றார்.

பிறகு அந்தப் பச்சை ஸ்வெட்டரையும் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். எங்கே தளரத் தொடங்குகிறது என்று கேட்டார். காட்டினேன். அந்த வரி பின்னியது எப்போது என்று கேட்டார். தைப்பொங்கல் சமயம் என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் செய்த ஒரு வேலையை ஒரு படித்த மனிதர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மிஸ்ஸியிடம் (நர்ஸ்) அவர் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொன்னார். லாதுரு. எனக்குச் சிங்களம் தெரியாமல் இருந்திருக்கலாம். நம் பேச்சில் அதற்குப் பெயர் குஷ்டம்.

ஸ்மியர் எடுத்தார்கள் (காது மடலிலும் கையிலும் தோலை இலேசாகக் கீறி, வரும் நீரைக் கண்ணாடியில் தடவி, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது). முடிவுக்கு இரண்டு கிழமை (வாரம்) என்றார்கள். இந்த நோய்க்காரர்களைத் தனியாக வைத்திருக்கும் கடலோரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டேன். இப்போதெல்லாம் எடுத்ததும் அப்படி அனுப்புவதில்லை, முடிவு வரட்டும் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண் கைப்பிள்ளையோடு இருந்தாள். பிள்ளையின் தலையில் கம்பளிக் குல்லா. நான் பின்னியது அல்ல. ஆனால் அதைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினேன். அந்த வருடம் மட்டும் பன்னிரண்டு குல்லா பின்னிக் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு கண்ணியும் இந்தக் கை தொட்டது. பன்னிரண்டு பிள்ளைகளின் தலையில் இருக்கிறது.

டொக்டரிடம் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். மூளை இருக்கிறவன் அதைத்தான் செய்வான். நான் மறுநாள் ஒரு பழைய கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன்.

"ஓரம் பிரியுது. சரிபண்ணித் தர்றேன், குடுங்க."

"ஒங்ககிட்ட குடுத்தா திரும்பி வராதே அண்ணே" என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். என் பெயர் அப்படி. ஆனாலும் கொடுத்தார்கள். நாலு நாளில் பதினொரு குல்லா சேர்ந்தது.

பன்னிரண்டாவது, பார்வதியுடைய பிள்ளையின் நீலக் குல்லா. பார்வதி எங்கள் லயத்தின் கடைசி வீடு, கொழுந்து பறிப்பவள், ஏமாற்ற முடியாதவள்.

"எங்க பிரியுது, காட்டுங்க."

பிரியவில்லை. காட்ட முடியவில்லை.

"பிள்ளைக்குக் காது நோவு. இதக் கழட்டினாலே கத்துறா. வேற வேல இருந்தா பாருங்கண்ணே."

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அந்த நீலக் குல்லா எங்கள் வாசலைத் தாண்டிப் பிள்ளைக்காம்பராவுக்குப் போகும். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவளே கழற்றி எறிந்திருப்பாள். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நோயைவிட அந்தக் கோழைத்தனத்தைத்தான் இன்றைக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மருதாயியிடம் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருந்தேன். பாயைத் தனியாகப் போட்டேன். தட்டைத் தனியாக வைத்தேன். டொக்டர் சொன்ன பத்தியம் என்றேன். கூடையை மகள் படுக்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஒரு கிழமை போனது. பங்களாவிலிருந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் மருதாயி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க கங்காணி குட்டி போட்டிருக்கு."

"கங்காணி ஆம்பளையாச்சே."

"அத நீங்களே அதுகிட்ட சொல்லுங்க."

கூடைக்குள் பூனை படுத்திருந்தது. நாலு குட்டிகள். அடியில் பதினொரு குல்லா. மருதாயி ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். "இது செல்லம்மா பிள்ளையோடது. இது பெரிய லயத்துப் பிள்ளையோடது." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாத்தையும் எதுக்குங்க கொண்டாந்து ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போவாள் என்றும் நினைத்தேன். பூனைக்குட்டி ஒன்றைத் தாயிடம் நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: "பிள்ளைங்ககிட்ட குல்லாவ திருப்பி வாங்கிட்டீங்க. பதினாலு வருசமா உங்ககூட ஒரே பாயில படுத்திருக்கேனே, எங்கிட்ட எத திருப்பி வாங்கப் போறீங்க?"



சாப்பிடும்போது அவள் ஒரு தட்டுத்தான் எடுத்து வைத்தாள். எனக்குச் சோறு இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அந்தத் தட்டில் இரண்டு பேருக்கும் போட்டிருந்தாள்.

முடிவு கேட்க அவளும் வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. டொக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஸ்மியரில் தெரியும் அளவுக்குக் கிருமி இல்லை. எனக்கு வந்திருப்பது அடுத்தவருக்குப் பரவாத வகை. கிருமி நரம்பைத்தான் கெடுத்திருக்கிறது, முழங்கை நரம்பு வீங்கி அந்த இரண்டு விரலும் மரத்துவிட்டன. வீட்டிலேயே இருக்கலாம். மருதாயியையும் மகளையும் உடம்பு முழுக்கச் சோதித்தார்கள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் குல்லாவைப் பற்றிக் கேட்டேன். முழுக் கதையும் கேட்டு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"துணியில எல்லாம் இது போகாது ராமையா. நீங்க பதினோரு பிள்ளைய பனியில வெறுந்தலையோட விட்டதுதான் தப்பு."

மாத்திரையின் பெயர் டாப்சோன் (கிருமியைக் கொல்லும் சின்ன வெள்ளை மாத்திரை, விட்டுவிட்டு விழுங்கினால் பிரயோசனம் இல்லை). ஐந்து வருடம் விழுங்கினேன். நான் கடைசி வரை முடித்த முதல் பெரிய வேலை அதுதான். போன வருடம் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். வெளுத்த இடம் நிறம் வந்துவிட்டது. மடங்கிய இரண்டு விரலும் மடங்கியதுதான். நூலை இப்போது ஆள்காட்டி விரலில் சுற்றுகிறேன். புதிதாகப் பழக ஒரு வருடம் ஆனது. சூடு தெரியாத கையோடு அடுப்படியில் நிற்கக் கூடாது என்று டொக்டர் கடிதம் கொடுத்ததால், பங்களாவில் என்னைக் காய்கறிப் பாத்திக்கு மாற்றினார்கள். தினமும் பொழுது சாயும்போது மருதாயி என் கையை நனைத்து, எண்ணெய் தடவி, நான் அறியாமல் எங்காவது வெட்டியிருக்கிறதா, சுட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். எனக்கு ஒரு நாள் முடிவது அப்போதுதான். கலியாணமான புதிதில்கூட அவள் என் கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

இதே நோய் வந்தவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். வெளுத்த இடத்தில் கிள்ளினால் வலிக்கவில்லையா, எலுமிச்சங்காய் தேய்க்காதீர்கள். போய்க் காட்டுங்கள். கண்ணை மூடச் சொன்னால் மூடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் பிறகு. முடிவு தெரிந்த அந்தக் கிழமை எனக்கு வேறு வேலை இருந்தது. மருதாயி குல்லாக்களைத் துவைத்துக் காயப்போட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும் என்றாள்.

"நீங்க சொல்லலைன்னா, ஊரு வேற மாதிரி சொல்லும்."

போனேன். இரண்டு வீட்டில் வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தக் குல்லாக்களைப் பிறகு எந்தத் தலையிலும் நான் பார்க்கவில்லை. அவர்கள் மேல் கோபம் இல்லை. நானாக இருந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கே ஓடியிருப்பேன். மற்ற ஒன்பது வீட்டிலும் வாங்கிக்கொண்டார்கள். செல்லம்மா பூனைக்குட்டியும் ஒன்று கேட்டாள்.

பார்வதி வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் அதைக் கடைசியாக வைத்திருந்தேன். வெறுங்கையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குல்லாவ அடுப்புல போட்டிருப்ப."

"போட்டிருப்பேன்தான். பரவாதுன்னு டாக்டரு சொன்னாரா, நீங்களா சொல்றீங்களா?"

"மருதாயியும் கூடத்தான் இருந்தா. கேட்டுப் பாரு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் அதைப் பின்னால் மறைக்கப் போனேன். அதற்குள் உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது.

"புடிங்க இவள" என்று பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

பிள்ளை என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தது. பிறகு கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டது. என் மரத்துப்போன இரண்டு விரல். பிடித்திருக்கிறாள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இறுக்கமா, மெதுவா, சூடா, ஈரமா, எதுவும் தெரியவில்லை. கண்ணை எடுத்தால் அவள் பிடித்திருப்பதே எனக்கு இல்லாமல் போய்விடும். அதனால் எடுக்கவில்லை. பார்வதி பாலை இறக்கி, எனக்கும் ஒரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வரும்வரை, அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.