திருப்பிக் கொடுக்காத தூக்குகள்

திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு மின்விளக்கு வந்த புதிதில் நடந்தது இது. வயிற்றுப் பிள்ளை கலைந்தபின் எனக்கு யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. வெளியே பெண்கள் சிரித்துப் பேசுவது கேட்கும். எழுந்து போக மனம் வராது.

அது நோன்பு மாதம். எதிர்வீட்டுப் பாத்திமா அக்கா தினமும் மகளிடம் தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்புவார். எங்கள் தெருவில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஏதாவது செய்து போட்டுக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. வெறும் தூக்கோடு போக வெட்கம். அடுப்படியில் ஐந்து தூக்குகள் சேர்ந்துவிட்டன. நன்றிகெட்டவள் என்று நினைப்பாரோ என்று பயந்து, கதவையும் சாத்தியே வைத்தேன்.

ஆறாம் நாள் அக்காவே வந்துவிட்டார்.

"ஏத்தா, எங்க வீட்டுல தூக்கெல்லாம் தீந்துபோச்சு. இன்னைக்குக் கஞ்சிய எதுல ஊத்த?"

"வெறும் தூக்க எப்படிக்கா கொண்டாரதுன்னு..." என்று அழுதுவிட்டேன்.

"கிறுக்கி! நீ வந்தாப் போதாதா? ரெண்ட நீ எடு, மூண நான் எடுத்துக்கிறேன். செத்த நேரம் எங்க வீட்டுல வந்து உக்காரு."

போனேன். மறுநாள் கூப்பிடாமலே போனேன். அந்தப் புண்ணியவதியை நினைக்காத நாளில்லை.

இப்போது என் பாத்திரம் யார் வீட்டிலாவது தங்கிவிட்டால், வரட்டும் என்று நான் காத்திருப்பதில்லை. அன்றைக்கே போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன்.