டிசம்பருக்குத் தாவிய மூன்றாவது ஊசி

"முதல் ஊசி ஜூலை 5. அடுத்தவை ஜூலை 8, ஜூலை 12, ஆகஸ்ட் 2." சீவலப்பேரியில் இருக்கும் என் மச்சினனைத் தெருநாய் கடித்தபோது மருத்துவமனையில் கொடுத்த சீட்டு இது. குடும்பத்தில் எல்லாருடைய தேதிகளையும் கைபேசிச் செயலி ஒன்றில் குறித்துவைப்பவன் நான். "நாள் வந்தா நான் கூப்பிடுதேன், நீ வயலப் பாருலே" என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

இரண்டாம் ஊசி முடிந்த மறுநாள், செயலியில் இருந்த பதிவுகளைக் கணினிக்கு மாற்றி, இருமுறை பதிவானவற்றை நீக்கி, திரும்பவும் கைபேசிக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டாம் தேதி காலை கைபேசி ஒலிக்கவில்லை. எதையோ மறந்ததுபோல வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் பொறுக்காமல் செயலியைத் திறந்தால், மூன்றாவது ஊசி டிசம்பர் 7 என்றது! நான் 12/07 என்று எழுதியதை, மாதத்தை முதலில் படிக்கும் கணினி அப்படி மாற்றியிருக்கிறது.

பதறி அவனைக் கூப்பிட்டேன். "நீங்க கூப்பிடலியே அத்தான், தள்ளிப் போட்டுட்டாவன்னுல்லா நெனச்சேன்" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "டிசம்பரா? அதுக்குள்ள நான் குலைக்க ஆரம்பிச்சிருவேம்லா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டவுன் பஸ் பிடித்து மருத்துவமனைக்கு வந்தான். சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாயிற்று.

இப்போது மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன். கணினியிலிருந்து திரும்பிய பதிவுகளைக் காகிதத்தோடு ஒப்பிட்டபிறகே பழைய பிரதியை அழிக்கிறேன். ஊசித் தேதியை உரியவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாய் ஆற்றுக்கு அக்கரையில் திரிகிறது என்கிறார்கள் சிலர். கடித்த மறுநாளே செத்துவிட்டது என்கிறார்கள் சிலர். எது உண்மை என்று இன்னும் எனக்கு உறுதியாகவில்லை.