கையை விட்டுப் போன பந்து

ஆல்டர்ஷா கம்பளி ஆலையின் சாயப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் வில்பிரட் தெவ்லிஸ்; வில்ஃப் என்று கூப்பிடுவோம். வாரமெல்லாம் சாயத் தொட்டி, சனிக்கிழமை மத்தியானம் ரக்பி. ஓரமாக அவன் ஓட ஆரம்பித்தால் பிடிக்க எங்கள் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

1909இல் பள்ளத்தாக்குக் கோப்பைக்கான கடைசி ஆட்டம், பக்கத்து ஊர் கிர்க்லோவோடு. நல்ல மழை. ஆட்டம் முடியப்போகும் நேரம், இரண்டு பக்கமும் சமம். பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் அமுக்கிவிட்டால் வெற்றி. வில்பிரட் பாய்ந்தான். கிர்க்லோவின் கடைசிக் காவல்காரன் ஈனக் சட்கிளிஃப் அவன்மேல் விழுந்தான். பந்து நழுவி முன்னால் உருண்டது. அப்படிக் கைவிட்ட பந்து செல்லாது. வில்பிரட் அதை எட்டி இழுத்து நெஞ்சுக்கடியில் அமுக்கிக்கொண்டான். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த நடுவர் கண்ணில் பட்டது அது மட்டும்தான். பந்து செல்லும் என்று விசில் ஊதிவிட்டார்.

"பந்து கைய விட்டுப் போச்சுய்யா! அவனையே கேளுங்க!" என்று கத்தினான் ஈனக்.

நடுவர் திரும்பிப் பார்த்தார். வில்பிரட் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். ஈனக் விடாமல் வாதாடவே, அவனை மைதானத்தைவிட்டு வெளியேற்றினார்.

பாண்டு வாத்தியத்தோடு வில்பிரட்டை வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டோம்.

"என்னடா, கல்யாணப் பொண்ணு மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டு?" என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதன்பிறகு மதுக்கடைக்குப் போனால் போதும், "வில்ஃப், எப்படி விழுந்தே, காட்டு!" என்பார்கள். தரையில் கொட்டிய மரத்தூள்மேல் விழுந்து காட்டுவான். ஒவ்வொரு முறையும் காட்டினான்.

அடுத்த வருஷம் கிர்க்லோக்காரன் ஒருவன் எங்கள் பட்டறையில் சேர்ந்தான். "ஈனக்கா? தெருவுல போனா 'பந்து எங்கடா, புளுகுணி?'ன்னு எங்க ஊர்க்காரனுங்களே கேக்குறானுங்க. ஆட்டத்தையே விட்டுட்டான்" என்றான். வில்பிரட் அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ரக்பி சங்க விருந்தில் தலைவர் மறுபடியும் அந்த ஆட்டத்தைப் புகழ ஆரம்பித்தார். வில்பிரட் எழுந்து நடந்ததைச் சொல்லிவிட்டான்.

"உக்காரு வில்ஃப், தலைக்கேறிடுச்சு உனக்கு" என்றார் தலைவர்.

"இன்னிக்கு ஒரு வாய்கூடக் குடிக்கலங்க."

யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கிர்க்லோவுக்கு நடந்தே போனான். அவன் சொன்னதையெல்லாம் ஈனக் வாசலில் நின்றபடியே கேட்டான்.

"எங்கப்பா மார்ச்சுல போயிட்டாரு. கடைசிவரைக்கும் நான்தான் பொய் சொன்னேன்னு நெனச்சாரு" என்றான். பிறகு, "மழ வருது, வீட்டுக்குப் போ" என்றான்.

சங்கம் வில்பிரட்டை இரண்டாம் அணிக்குத் தள்ளியது. பந்து அவன் கைக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆட்களே கூச்சலிட்டார்கள்.

"இவ்வளவு திட்டு வாங்கிக்கிட்டு ஏன்டா ஆடுறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ஆட்டம் பிடிச்சிருக்கு," என்றான். "அதச் சொல்லக்கூட வெக்கமா இருக்கு."